சுற்றிவரும் கேபிள்

மச்சினன் கை கேபிளைத் தொட்ட அடுத்த கணம் என் பல் அவன் மணிக்கட்டில் இருந்தது.

சும்மா கடிக்கவில்லை. எலும்பு ‘கடக்’ என்றது. பார்த்திருந்தால் தெருநாய்கூட வெட்கப்பட்டிருக்கும்.

அந்தக் கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தன. அலுவலகத்துக் கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்து, வரும் தகவலை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று திருப்பிவிடும் பெட்டி. அதற்குக் கணக்குப் போடத் தெரியாது என்பார்கள். நான் போட வைத்துவிட்டேன். வெளியே போன எண் கேபிள் வழியாகவே திரும்பி உள்ளே வரும். ஒவ்வொரு சுற்றிலும் பெட்டி சிறியதைப் பிடித்துக்கொண்டு பெரியதை விரட்டும்.

மேலாளர் நாலாயிரம் வரி எண்கள் கொடுத்து, மிகச் சிறிய பன்னிரண்டைப் பொறுக்கச் சொன்னார். பகல் பன்னிரண்டு மணிக்குள் விடை வராவிட்டால் பெட்டி கணக்குப் போடும் என்ற பேச்சையே விட்டுவிடலாம் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் மானம் அந்தப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. கேபிள் கழன்றால் எல்லாம் காற்றோடு போச்சு.

“மாமா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு...”

மேலாளருக்குக் கடிதம் தட்டச்சு செய்கிற பயல். இவனுக்குச் சுவிட்சைப் பற்றி என்ன தெரியும்?

திறந்த வாயில் என் முழங்கை இறங்கியது. இரத்தம் கூரை வரை தெறித்தது. சரி, என் சட்டை வரை.

அவன் விடவில்லை. என் கழுத்தைப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினான். புருவம் கிழிந்தது. நான் சிரித்துக்கொண்டே தீயணைப்பு உருளையைத் தூக்கி அவன் தோளில் போட்டேன். என் மனைவிக்கு ஒரே தம்பி, அதையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்தபடியே அவன் மறுபடியும் கேபிளுக்குக் கை நீட்டினான். அந்த விரல்களின் மேல் ஏறி நின்றேன். என் எடை அப்போது ஒரு குட்டி யானை.

பெட்டி ‘பீப்’ என்றது.

ஜெயித்துவிட்டேன்! கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

பன்னிரண்டும் ஊழியர் எண்கள். தலைப்பை மேலாளரே வைத்திருந்தார்: ‘இன்றோடு பணிநீக்கம்’.

முதல் எண் இருபத்தாறு வருடமாக என் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருப்பது.

மச்சினன் எண்ணைத் தேடினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

இல்லை.

என் காலடியில் அவன் தன் பல்லைத் தேடிக்கொண்டிருந்தான்.