சர்வரில் ஒண்டுக் குடித்தனம்

பொதுக் கழிப்பறைக் கதவைத் தொடுவதுபோல் இரண்டே விரலால் மவுஸைப் பிடித்திருந்தான் புரோகிராமர் தம்பி. சாயங்காலம் அக்காவின் தையல் கடைத் திறப்பு. அதற்குள் கடையின் வெப்சைட் ஓடியாக வேண்டும்.

“போயும் போயும் பத்துப் பேர் பங்கு போடுற சர்வரா கிடைச்சுது? ஒரு கமாண்ட் அடிக்கவும் கம்பெனிக்காரன் விடமாட்டேங்கிறான். த்தூ!”

“துப்பினது போதும், ஏத்துடா” என்றாள் அக்கா.

சைட்டுக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க்கை ஃபோல்டர் ஃபோல்டராக பிரவுசர் வழியே ஏற்றினான். சைட் திறக்கிறதா என்று ஓயாமல் எட்டிப் பார்க்க ஒரு குட்டி புரோகிராமையும் காவலுக்கு வைத்தான். கடைப் பெயரின் முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வருவதற்குள் அக்கா ஒரு சட்டை தைத்துப் பட்டனும் வைத்துவிட்டாள்.

சர்வரை வாடகைக்கு விட்ட ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டான்.

“ஆமா சார், ஒருத்தர் மத்தவங்களை மூச்சுவிட விடாம மொத்த சர்வரையும் முழுங்குறார்” என்றாள் அங்கிருந்த பெண்.

“உவ்வே! அந்தப் பன்னியைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளும்மா!”

“உங்க புகாராவே எழுதிக்கலாமா சார்?”

“தாராளமா!”

அடுத்த நிமிடம் கடையின் சைட் அடியோடு காணாமல் போயிற்று.

“டேய், விருந்தாளிங்க வந்தாச்சு!” என்று அக்கா கத்தினாள். மறுபடி போன் போட்டான்.

“நீங்க சொன்னபடியே தள்ளிட்டோம் சார். ஓயாம எட்டிப் பார்த்து சர்வரை முழுங்கினது உங்க புரோகிராம்தான். புகார் கொடுத்த புண்ணியவானுக்குப் பக்கத்துச் சைட்காரங்க எல்லாரும் நன்றி சொல்லச் சொன்னாங்க.”