வேட்பாளர் வீட்டுக் கோதுமை

எங்கள் வயலுக்குள் ஆறாவது அறுப்பு மிஷின் இறங்கும்போது மேற்கே வானம் கறுத்துவிட்டது.

ஆறும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களின் மிஷின்கள். எங்களுடையது அதில் இல்லை. அது ஜூலை மாதத்திலிருந்து என் வீட்டுக்காரரின் படம் போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் லைல் ஸ்டென்ஸ்ருட் இந்தத் தேர்தலில் செனட்டுக்கு நிற்கிறார். வாஷிங்டனுக்குப் போய் வடக்கு டகோட்டா விவசாயிகளுக்காக வாதாடப் போகிறாராம்.

"நான் ஒரு விவசாயி. உங்களில் ஒருவன்." தினமும் சாயங்காலம் டிவியில் வந்து இதைச் சொல்கிறார். நானும் டிவியில்தான் அவரைப் பார்க்கிறேன். பனி உருகியதிலிருந்து மனிதர் வீடு தங்கவில்லை.

கோதுமைக்குத் தேர்தலாவது ஒன்றாவது. முற்றிப்போய், தொட்டால் உதிர்கிற பதத்தில் நின்றது.

மிஷினைத் திருப்பி அனுப்புங்கள் என்று அவருடைய தேர்தல் அலுவலகத்துக்குப் போன வாரமே போன் செய்தேன். "இந்த வாரம் பூரா ஊர்வலம் இருக்கு மேடம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றான் ஒரு பையன். கோதுமை எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்கிற ரகம் போலிருக்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம் ஆலங்கட்டி மழை என்று காலையில் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கால் மணி நேரம் கல் விழுந்தால் போதும், வருஷம் முழுக்கப் பட்ட பாடு தரையோடு தரையாகிவிடும். என் அப்பா விட்டுப்போன நிலம் இது. எனக்கு வயிறு எரியாதா?

ஆனால் மத்தியானத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றி எனக்குத் தலையசைத்துவிட்டு மிஷினில் ஏறினார்கள். பெண்கள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட பாத்திரங்களோடு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, லவான், என்னைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவினாள்.

சாயங்காலம், வயலில் கிழக்கு மூலை மட்டும் மிச்சம் இருக்கும்போது, வேட்பாளர் வந்து சேர்ந்தார்.

முன்னால் ஒரு கறுப்பு வேன். பின்னால் ஒரு பெரிய லாரியின் மேல் எங்கள் மிஷின். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. நான் பார்த்து அது அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

லைல் புதுக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். கூட வந்த பெண் ஒருத்தி வரப்பு மண்ணை அள்ளி அவருடைய முழங்காலில் தேய்த்துவிட்டாள். தலை சீவிவிடும்போது நிற்கிற குழந்தை மாதிரி அசையாமல் நின்றார்.

பிறகுதான் வயலில் ஓடுகிற மிஷின்களைப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பார்த்தியா வெர்னா, ஊரே நம்ம பக்கம் நிக்குது. எல்லாத்தையும் படம் எடுக்கச் சொல்லு."

நான் யாருக்கு என்ன சொல்ல? காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். வேனில் வந்த கேமராக்காரன் தானாகவே எடுக்க ஆரம்பித்தான். லைல் அறுத்த கோதுமைத் தாளின் மேல் நடந்துபோய், குனிந்து, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார். இருபத்தேழு வருஷமாகக் கூட வாழ்கிறேன், இவர் மண்ணை முகர்ந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அறுக்காமல் நிற்பது அந்த ஒரு மூலைதான் என்று உறைத்திருக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைசி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த ஆர்வல் ட்வைட் நிறுத்தினார். எங்களுக்கு அடுத்த பண்ணைக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"ஆர்வல், அந்த மூலையை விட்டுடுப்பா. நான் அறுக்கிற மாதிரி எடுக்கணும். வெளிச்சம் வேற சரியா இல்ல, ஒரு அரை மணி நேரம் பார்த்துட்டு எடுத்துடறோம்."

காற்று திரும்பிவிட்டது. தூரத்தில் இடி கேட்டது. ஆர்வல் வானத்தைப் பார்த்தார், லைலின் முழங்காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்க லைல். அறுக்கிறதுக்கு முன்னால ஒருத்தன் செத்துட்டா, அவன் வயல்ல அக்கம்பக்கமெல்லாம் இறங்கி அறுப்போம், பாதியில நிறுத்தறதில்ல. உங்க அப்பாவுக்கும் அப்படித்தான் செஞ்சோம்."

"செத்துட்டானா? யாருய்யா செத்தது?"

ஆர்வல் தொப்பியை மாட்டிக்கொண்டு மிஷினைக் கிளப்பினார். லைல் துள்ளி ஒதுங்கினார். கேமராக்காரன் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தான்.

வயலோரம் நின்ற பெண்கள் பக்கமெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக லைல் என்னைப் பார்த்தார். நானும் நேராகப் பார்த்தேன்.

காலையில் ஆறு வீட்டுக்கும் போன் போட்டவள் நான்தான். "என் வீட்டுக்காரர் செத்துட்டார், கோதுமை நிக்குது, கல்மழை வருது." அவ்வளவுதான் சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம் அத்தனை வீட்டிலும் அவர் டிவியில் பேசிக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும், "இதோ வர்றோம் வெர்னா" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

எப்போது, எப்படி என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.