பதினான்காம் தேதி

"அந்தப் பதினாலாந்தேதி மட்டும் வந்தாப் போதும் தம்பி. மத்ததெல்லாம் போனாப் போகட்டும்" என்றாள் செல்வமேரி.

சர்வர் அறை வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன் சுனில் நின்றான். பூனாவை அடுத்த சிஞ்ச்வட்டில் கார் கதவுகளுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் தொழிற்சாலை அது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பதினான்காம் தேதி மதியம், மூன்றாம் எண் பிரஸ்ஸுக்குள் சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்த அவள் கணவர் மாடசாமி மறுபடி நிமிரவில்லை. நின்றிருந்த இயந்திரம் ஓடிவிட்டது. தானாக ஓடியது, கோளாறு என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது.

எந்த இயந்திரத்தை எந்த நொடியில் யார் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அந்தப் பழைய சர்வரில் பதிவாகும். அது அதே வாரம் படுத்துவிட்டது. தொழிற்சாலை ஆய்வாளர் விடாமல் கேட்டதால்தான் கணினிப் பழுது பார்க்கும் பத்ரிநாத்தை வரவழைத்திருந்தார்கள். கோயமுத்தூர்க்காரன், பூனாவுக்கு வந்து நான்கு வருடம்.

பதிவுகளைத் திறக்கும் மென்பொருள் புதுக் கணினி எதிலும் ஏறாது. ஆகவே சர்வரில் இருப்பதை ஒன்றுவிடாமல் நகலெடுத்து, தன் லேப்டாப்புக்குள்ளேயே அதை ஒரு மெய்நிகர் கணினியாக ஓடவிட வேண்டும் என்று அவளுக்குப் புரியும்படி சொன்னான். டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கிறது, ஒரு தடவைக்கு மேல் தாங்காது என்பதையும் மறைக்கவில்லை.

"நானும் அன்னிக்கு டியூட்டில இருந்தேன் சார்" என்றான் சுனில். பூனாவின் போபோடியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் தட்டித் தடவித்தான் வந்தது. "அந்த சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஆனா மெஷின் தானா ஓடாது. பக்கா எவனோ பட்டன் அமுக்கிருக்கான். அவன் பேர் வேணும் எனக்கு."

"வெட்டவா போறோம்? அவன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேக்கணும், அம்புட்டுதான்" என்றாள் அவள்.

காலை ஒன்பதரைக்கு நகல் ஓடத் தொடங்கியது. பத்து மணிவாக்கில் மேலாளர் குல்கர்ணி அவனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். டிஸ்க் வழியிலேயே நின்றுபோனால் யாரும் அவனைக் குறை சொல்லப்போவதில்லை என்று இந்தியில் மென்மையாகச் சொன்னார். குழுமத்தின் மற்ற மூன்று தொழிற்சாலைகளுக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகவும் சொன்னார். பத்ரிநாத் திரும்பி வந்து நகலின் முன் உட்கார்ந்துகொண்டான்.

அறுபத்திரண்டு சதவீதத்தில் டிஸ்க் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றது. அவன் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓடவிட்டான். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. சர்வர் அறைக் கண்ணாடிக்கு அப்பால் செல்வமேரியும் எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு நூறு ஆனது. சொல்லிவைத்தாற்போல் பழைய டிஸ்க் சுற்றுவதை நிறுத்தியது. இனி இருப்பது லேப்டாப்பில் உள்ளது ஒன்றுதான். மேற்பார்வைக்கு வந்திருந்த ஆய்வாளரின் ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். பத்ரிநாத் மெய்நிகர் கணினியை எழுப்பினான். பழைய திரை அப்படியே எழுந்து வந்தது. மென்பொருளைத் திறந்து பதினான்காம் தேதியைத் தட்டினான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு முறை நிமிர்ந்து கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். செல்வமேரி மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்து கொண்டிருந்தாள். பத்ரிநாத் குனிந்து தட்டச்சுப் பலகையில் என்னவோ செய்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மத்த நாளெல்லாம் வந்திருச்சுங்கம்மா. அந்த ஒரு நாள் இருந்த இடம் மட்டும் டிஸ்க்ல கெட்டுப்போச்சுங்க. எடுக்க முடியலைங்க."

செல்வமேரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எவ்வளவு குடுத்தானுவ தம்பி?"

ஆய்வாளரின் ஆள் வந்து, அந்தத் தேதி படிக்க முடியவில்லை என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார். குல்கர்ணி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். செல்வமேரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

வாசலில் சுனில் அவனை மறித்தான். கண் சிவந்திருந்தது. "நம்ம ஆளு சார் நீங்க. அதனால நம்பினோம்" என்றான்.

"வாடா, இவன்கிட்ட என்ன பேச்சு?" என்று செல்வமேரி மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். கூட்டத்தில் இருவரும் மறையும்வரை பத்ரிநாத் அங்கேயே நின்றான்.

பதினான்காம் தேதி ஒரு எழுத்துக்கூடக் கெடாமல் வந்திருந்தது. ஒன்று ஐம்பதுக்கு, திறந்திருந்தால் இயந்திரத்தை ஓடவிடாத மூன்றாம் பிரஸ்ஸின் பாதுகாப்புக் கதவை முடக்கியிருந்தது குல்கர்ணியின் பணியாளர் எண். இரண்டு பதினேழுக்கு யாரோ தள்ளியிருந்த இயக்குபலகையில் நான்காம் பிரஸ்ஸை ஓட்டப்போய், கை தவறி மூன்றை அமுக்கியிருந்தார்கள். நான்கு அசையாததைக் கண்டு ஏழு நொடி கழித்து நான்கை அமுக்கியிருந்தார்கள். அமுக்கிய அந்த இரண்டு வரிக்கும் நேரே இருந்தது ஒரே பெயர்: சுனில் மாடசாமி.