பேர் போன வஞ்சிரம்

மக்கள் சாப்பாட்டில் மீன் கொழுப்பு எவ்வளவு சேர்கிறது என்று கணக்கெடுக்க, 1972இல் பாரிவாக்கத்துக்குத் தராசோடு வந்தார் சாதுல்லா.

சொர்ணம் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தட்டில் முழு வஞ்சிரத்தை ஏந்தி வந்தாள்.

"தினமும் மீனாம்மா?"

"பின்ன இன்னா சார்? மீன் இல்லாம எங்க ஊட்ல சோறே எறங்காது."

முக்கால் கிலோ. அவர் எழுதி முடிப்பதற்குள், மீனைக் கழுவுவதாகச் சொல்லித் தட்டோடு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அடுத்த மூன்று வீடுகளையும் முடித்துவிட்டு வந்தவரைச் சொர்ணம் வழிமறித்தாள்.

"இதெல்லாம் எதுக்கு சார்?"

"மீன் போதாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மாசாமாசம் மீன் எண்ணெய் மாத்திரை இலவசம்மா."

சொர்ணத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் மகளோ நோஞ்சான்.

"ஐயோ சார், நாலு ஊட்லயும் நீங்க நிறுத்தது ஒரே மீனு! உங்களுக்குக் காட்டத்தான் நாலு பேரும் சேர்ந்து வாங்கினோம்."

"தெரியும்மா. வீட்டுக்குக் கால் மீன்னுதான் எழுதியிருக்கேன். மாத்திரை வந்துடும்."

"எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?"

சாதுல்லா சிரித்தார்.

"நாலு வீட்டுத் தட்டுலயும் 'சொர்ணம்'னு பேர் வெட்டியிருந்துச்சே!"