எதிர் நாற்காலி

"மாப்பிள்ளை மெட்ராஸா, திருச்சியா? அதையாவது சொல்லிட்டுப் போயேன்டி!"

டைப்பிஸ்ட் விஜயலக்ஷ்மி பிரஷர் குக்கரை மேஜைமேல் வைத்தாள். செக்ஷனில் எல்லோருமாகச் சேர்ந்து வாங்கியது. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

ஜலஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெக்கத்தைப் பாரு! பர்மனென்ட் சர்க்கார் வேலையை உதறிட்டுப் போறேன்னா பெரிய இடமாத்தான் இருக்கணும்."

"இதெல்லாம் எதுக்குக்கா?"

"எதுக்கா? நாளைக்கு சாம்பாருக்குப் பருப்பு தானா வேகுமா? அச்சா, நான் வரேன். வெயில் போயிடும்."

டிசம்பர் மாதம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டில்லி அலுவலகம் முழுவதும் வெளியே புல்தரையில்தான் இருக்கும், கம்பளி நூலும் வேர்க்கடலையுமாக. ஜலஜா மட்டும் உள்ளே அந்த நீண்ட கூடத்தில் இருந்தாள். ஒரு மாதமாகவே அப்படித்தான்.

அவள் முன்னால் ஒரு மாதிரி ஓட்டு மிஷின். மேஜைக்கு எதிர்ப்புறம் ஒரு நாற்காலி, பொதுமக்களுக்காக.

இனிமேல் வரப்போகும் ஓட்டு மிஷின்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு குழு விதிகளை எழுதியிருந்தது. அவற்றைப் படித்துப் பார்த்து, மிஷினைத் தொட்டுப் பார்த்து, யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. பேப்பரில் விளம்பரம்கூட வந்தது, டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவில் எறும்பு எழுத்தில். ஒருவரும் வரவில்லை. ஒருநாள் ஒரு சர்தார்ஜி வந்தார். ஜலஜா அவசரமாக எழுந்து நின்றாள். அவர் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு வழி கேட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒருவராவது வர வேண்டுமே என்று அவள் தவித்தாள். விதிகளில் ஒன்று விட்டுப்போயிருந்தது.

ஓட்டுப் போடத் தொடங்குமுன் பெட்டியைத் திறந்து கவிழ்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லாக் கட்சி ஏஜெண்டுகளுக்கும் காட்டுவது வழக்கம். மிஷினைக் கவிழ்த்தால் என்ன தெரியும்? எல்லோர் கண்முன்னாலும் அது பூஜ்யம் காட்ட வேண்டும். ஆனால் இந்த விதிகளின்படி, அதிகாரி ஒருவர் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஜலஜா பிஸிக்ஸ் படித்தவள். நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள். ஆனாலும் குழுவின் கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லிவிட்டாள்.

"நல்ல பாயிண்ட்தான்," என்றார் அவளுடைய அதிகாரி ராமமூர்த்தி. "ஆனா பப்ளிக் சொன்னாதான் குழு கட்டாயம் எழுத்துல பதில் சொல்லணும். ஸ்டாஃப் சொன்னா டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மறந்துடும். நீ ஸ்டாஃப்மா. உட்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள்.

பப்ளிக்குக்கு அவள் எங்கே போவாள்? விடுதியில் உடன் தங்கியிருந்த பெண், "யார் ஜெயிச்சா எனக்கென்ன?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கரோல்பாக் அப்பளக் கடை மாசிலாமணி, "சர்க்கார் வம்பு எனக்கெதுக்கு தங்கச்சி? ரெண்டு பாக்கெட்டா, மூணா?" என்றார். அதற்குமேல் இந்த ஊரில் அவளுக்குப் பேச ஆளில்லை.

அவள் மிஷின் பொத்தானை அழுத்தினாள். 'பீப்' என்றது. இத்தனை நாளாக அந்தக் கூடத்தில் அவளுக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

வெயில் இறங்கியது. புல்தரை காலியானது. ராமமூர்த்தி மப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னும் இங்கேயா உட்கார்ந்திருக்கே? ரிலீவிங் ஆர்டர் மத்தியானமே குடுத்தாச்சே! போய்ப் பெட்டியைக் கட்டும்மா. ரயிலுக்கு நாழியாகலையா?"

"அஞ்சு வரைக்கும் பார்க்கறேன் சார். யாராவது வந்தா..."

"இந்த ஊர்ல குதிரைமேல ஏறிண்டு மாப்பிள்ளை வேணா வருவான். பப்ளிக் வரமாட்டா." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "சரி, ரிஜிஸ்டர்ல 'ஆட்சேபம் ஏதும் இல்லை'ன்னு எழுதி மூடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ரிலீவ் ஆனப்புறம் நான் எழுதக் கூடாதே சார்."

"அட, ஆமாம்! எழுந்திரு, நானே எழுதறேன்."

ஜலஜா எழுந்து இடம் விட்டாள். அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகினார். அவள் குக்கரை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்தாள். வாசல் பக்கம் போகவில்லை. ஒரு மாதமாகக் காலியாக இருந்த எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ராமமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா?"

"பேர் ஜலஜா, சார். ஆட்சேபம் ஒண்ணு இருக்கு. ஓட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மிஷின் காலியா இருக்குன்னு எல்லாருக்கும் காட்டணும். எழுதிக்குங்க."

"விளையாடறியா? கல்யாணத்தை வச்சிண்டு..."

அவள் குக்கரை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.

"இதைத் திருப்பிக் குடுத்துடுங்க சார். ராஜினாமாவில சொந்தக் காரணம்னுதான் எழுதினேன். கல்யாணம்னு சொன்னது நீங்கள்லாம்தான்."