மேலத் தெரு வழியாக

பாடைக்குப் பின்னால் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

சுடுகாட்டுக்கு மேலத் தெரு வழியாகத்தான் பாதை. கீழத் தெருப் பிணம் இதுவரை அதில் போனதில்லை. மழைக்காலத்தில்கூட வயலில் இறங்கி, இடுப்பளவு சேற்றில் தூக்கிப் போவார்கள்.

ஒன்பது வருடம் வழக்கு நடத்தி, அந்த வழியே போக அவள் கோர்ட் உத்தரவு வாங்கியிருந்தாள். அதன்பின் முதலில் செத்தவள் மாடத்திக் கிழவி.

சுமப்பவர்கள் நான்கு பேர். கிழவியின் மகன் இசக்கிதுரை கொள்ளிச்சட்டியோடு முன்னால். கடைசியில் அவள், அறுபத்தெட்டு வயதில்.

காவலுக்கு வந்த ஜீப் தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

உச்சி வெயில். எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஒரு வாசலில் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எங்கோ ஓடிய டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

நாய்கூடக் குரைக்கவில்லை.

பாதித் தெருவில், பின்னால் காலடி கேட்டது.

ஒன்று. பிறகு இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்பு, வேறொரு ஊரில், ஓர் அமைதி ஊர்வலத்திலும் இப்படித்தான் கேட்டது. அவளோடு போராட்டங்களில் நின்ற ஜெபமணி கடைசியாக வந்தார்; திரும்பிப் பார்த்தார். அரிவாள் அவர் கழுத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு எந்த ஊர்வலத்திலும் கடைசி ஆளாக அவள்தான் நடந்தாள்.

"யாரோ வாராங்க," என்றான் சுமந்தவர்களில் ஒருவன்.

"முன்னால பாத்து நட."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் சுமப்பவர்களும் திரும்புவார்கள். பாடை ஆடும்.

வெயிலில் முதுகு மட்டும் சில்லிட்டது.

காலடிகள் நெருங்கவில்லை. விலகவும் இல்லை. தோள் மாற்ற இவர்கள் நின்றபோது, அவையும் நின்றன.

சுடுகாட்டில் பாடையை இறக்கிய பிறகுதான் திரும்பினாள்.

பெண்கள்.

மேலத் தெருப் பெண்கள், எட்டுப் பேர். முந்தானையால் தலையை மூடியிருந்தார்கள்.

ஒருத்தி முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

அரிசி.

வாய்க்கரிசி சொந்தக்காரர்கள் போடுவது. இசக்கிதுரை வழிமறித்து நின்றான்.

"நீங்க எங்கம்மைக்கு என்ன மொறை வேணும்?"

அந்தப் பெண் கிழவியின் முகத்தையே பார்த்தாள்.

"எங்க அத்தன பேரு பேறுகாலமும் பாத்தது இவுகதான். அதுக்கு என்ன மொறைன்னு எங்களுக்குத் தெரியல."

இசக்கிதுரை விலகி வழிவிட்டான். அன்று முழுக்க அழாதவன் அப்போது அழுதான்.

எட்டுப் பேரும் போட்டார்கள்.

சிதை எரிந்து அடங்கிய பின், இருட்டும் நேரத்தில், பெண்களோடு அவளும் தெருவுக்குத் திரும்பினாள். ஜீப் போயிருந்தது.

அரிசி கொண்டுவந்தவள் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நாந்தான்."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. திறக்கவில்லை.

அடுத்த வாசலிலும் தட்டினார்கள். அதற்கடுத்த வாசலிலும். தெரு முழுக்கத் தட்டும் சத்தம். எட்டுக் கதவுகளில் ஒன்றும் அசையவில்லை.

அந்தப் பெண்ணின் கை தயங்கியது.

"தட்டு தாயி. நான் இருக்கேன்," என்றாள் பின்னால் நின்ற அவள்.

மெயின் ரோட்டில் அவள் ஊருக்கான கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அவள் அந்த வாசற்படியில் உட்கார்ந்தாள்.