ஒரு கைத் தவிடு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பங்களாவில், சீமையிலிருந்து கப்பலேறி வந்த வாலில்லாப் பூனை வம்சத்தின் கடைசி வாரிசுக்கு இன்று காலை பால் இறங்கவில்லை.

அன்றைக்கே மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இரண்டு பேருக்குக் கால் முறிந்தது. அது செய்தி ஆகவில்லை.

வம்சம் என்றால் லேசுப்பட்ட வம்சம் இல்லை. தாய்ப்பூனைக்கும் தகப்பன்பூனைக்கும் தாத்தனுக்குத் தாத்தன் வரை பெயர் தெரியும். தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தகப்பன் பெயரோடு சரி.

போட்டது நான்கு குட்டிகள். துரை ஒவ்வொன்றையும் தூக்கிக் கவிழ்த்து, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவித் தரம் பிரித்தார். வால் இருக்க வேண்டிய இடத்தில் குழி விழுந்திருந்தால் முதல் தரம். அப்படி மூன்று தேறின. மூன்றுக்கும் அரண்மனைப் பட்டங்கள் கிடைத்தன. நான்காவதற்குப் பெருங்காயக் கட்டி அளவுக்கு ஒரு வால் துருத்திக்கொண்டிருந்தது. அதனால் அது இரண்டாந்தரம்; பட்டமும் கொஞ்சம் சின்னது.

பட்லர் செல்லத்துரை கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, பட்டம் பிசகாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாலூட்டினார். பஞ்சுத் துணி, வெந்நீர்ப் புட்டி, பாலில் ஒரு சொட்டுப் பிராந்தி எல்லாம் துரையின் உத்தரவு. புட்டியில் மிச்சமிருந்த பிராந்தியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

முதல் தரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது இந்தக் கட்டைவால்.

துரைசானி அதை மடியில் வைத்துக்கொண்டு சமையற்கட்டின் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்துப் பழகியவர்கள் உட்காரும் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பாத்திரம் தேய்க்கும் மூக்கம்மாள் சாம்பல் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“பட்லர் அண்ணாச்சி, வாலு இல்லாதது ஒரு கொறதான? அந்தக் கொறயே அதுகளக் காப்பாத்தியிருக்கும். நீங்க அதப் போயி பெருமை பெருமைன்னு மலை பூராச் சொன்னா, எமன் காதுல விழாம என்ன செய்யும்?”

“வாய மூடு. இது ராஜ வம்சம்.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். எங்க ஆத்தா மொதப் புள்ளைக்கு மகராசின்னு பேரு வச்சா, போயிருச்சு. நான் பெறந்த அன்னிக்கே மூக்கக் குத்தி, குப்பையில போட்டு, தவுட்டுக்கு வித்துட்டா. கெடக்கேன் பாருங்க, இரும்புச் சட்டி கணக்கா.”

துரைசானி செல்லத்துரையை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இதை இங்கிலீஷில் சொல்லியாக வேண்டியதாயிற்று. எமன் வரைக்கும் எப்படியோ சமாளித்துவிட்டார். தவிட்டுக்கு வந்தபோது வியர்த்துவிட்டது.

துரைசானி குட்டியை நீட்டினாள்.

மூக்கம்மாள் அதை வாங்கிக்கொண்டு போய், முட்டைத் தோட்டுக்கும் காப்பிச் சக்கைக்கும் நடுவில் குப்பைமேட்டில் கிடத்தினாள். நாலு அடி விலகி நின்றாள். பிறகு தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல முகத்தைச் சுளித்து, “எவ போட்ட பீடையோ” என்று எடுத்தாள். இனி அது அவளுடைய குட்டி. வேண்டுமென்றால் துரைசானி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஒரு கைத் தவிடு.

செல்லத்துரை குதிரை லாயத்திலிருந்து தவிடு கொண்டுவந்தார். வெள்ளித் தட்டில்.

துரைசானி ஒரு கை அள்ளி மூக்கம்மாளின் மடியில் போட்டாள். குட்டியை வாங்கும்போது திட்டி வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

“ச்சீ, குப்பே.”

தமிழில் அவளுக்குத் தெரிந்த மற்ற சொற்களெல்லாம் வேலை ஏவுகிறவை. இந்த ஒன்றைத்தான் அவள் கொஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

குட்டி தும்மியது. அவள் பாலில் தோய்த்து நீட்டிய விரலைச் சற்று நேரம் முகர்ந்தது. பிறகு சப்பத் தொடங்கியது. பிராந்தி கலக்காத பால் அதற்கு அன்றைக்குத்தான் கிடைத்தது என்பது வேறு விஷயம். எமனை ஏமாற்றிவிட்டதாக மூக்கம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

செல்லத்துரை தட்டை எடுக்கப் போனார். துரைசானி அதன் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள். இன்னொரு கைத் தவிடு அள்ளி மூக்கம்மாளின் மடியில் போட்டாள்.

“ஒரு குட்டிக்கு ஒரு கை போதும் தொரசானியம்மா.”

துரைசானி கொல்லைக்கு அப்பால் சரிவில், ரோஜாச் செடிகளுக்குள் முழங்கால் உயரத்துக்கு நின்ற இரண்டு சிலுவைகளைப் பார்த்தாள். பாசி பிடித்த சிலுவைகள். அவை பூனைகளுக்கு நட்டவை அல்ல.

தவிடு ஒட்டிய கையைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

செல்லத்துரை மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். ஒன்றும் இல்லை என்று கண்டு மூடிக்கொண்டார். மூக்கம்மாள் மடித் தவிடு சிந்தாமல் முந்தியை இறுக முடிந்துகொண்டாள்.

தை மாதம் பங்களாவில் பிறந்த ஆண் வாரிசுக்கு, பாதிரியாரை மலையேற்றிக் கொண்டுவந்து, ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

அவன் அம்மா கூப்பிட்டது தவிட்டான்.